பார்லித் தண்ணீருக்கு அடங்காத அரிப்பு

மூன்று வாரமாக எனக்கு வெள்ளைப்படுதலும் அரிப்பும். மலேசியாவில், கிள்ளானில் என்னோடு துணிக்கடையில் வேலை பார்க்கும் தோழி, "ஒடம்பு ஹீட்டி லா, சூடு ஏறிடுச்சு, பார்லி குடி" என்றாள். ஜாடி ஜாடியாகக் குடித்தும் குறையவில்லை.

கிளினிக்கில் பெண் டாக்டர் என்னிடமிருந்து எடுத்த மாதிரியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். "நானும் பாக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்தபடி இடம் விட்டார். பேரிக்காய் வடிவத்தில் ஏதோ துடித்துத் துடித்து நகர்ந்தது. பயத்தை விட ஆச்சரியம்தான் எனக்கு அதிகம்.

"இது ட்ரைகோமோனாஸ்னு ஒரு ஒட்டுண்ணி. சூட்டுல வராது, உடலுறவுல தொத்தும். மாத்திரையில போயிடும். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

அங்கேதான் தவறினேன். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் கணவரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அவருக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே என்று நான் மட்டும் மாத்திரை சாப்பிட்டேன். குணமானது. அடுத்த மாதமே திரும்பி வந்தது. மறுபடியும் அதே கிளினிக்குக்குப் போனேன்.

"ஆம்பளைங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணுமே தெரியாதும்மா. மாசக்கணக்கா உள்ளேயே இருக்கும். யார்கிட்டருந்து யாருக்கு வந்துச்சுன்னு சொல்ல முடியாது. ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடணும், முடியிற வரைக்கும் உறவு வேணாம்" என்றார் டாக்டர்.

அன்று மாலையே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவரோ, "எனக்கும் காட்டுவாங்களா, அந்த மைக்ரோஸ்கோப்புல?" என்றார்.

இருவரும் சேர்ந்தே போய் வந்தோம், சேர்ந்தே மாத்திரை சாப்பிட்டோம்; அரிப்பு பிறகு திரும்பவில்லை. பார்லி இன்னமும் காய்ச்சுகிறேன், தாகத்துக்கு மட்டும்.