இசக்கி நிரவாத மேடு

போன ஞாயிறு மதியம் மூன்று மணி. மீன் குழம்பின் புண்ணியத்தில் மும்பை செம்பூர் வீட்டில் எனக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. வீடியோ கால்! அயர்லாந்திலிருந்து என் மச்சினன் இசக்கி.

தாராவியில் பிறந்தவன். பத்து வருடம் கல்யாண் பக்கம் ஜேசிபி ஓட்டியவன். மேடு என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், சாயங்காலத்துக்குள் கிரவுண்டாக்கிவிடுவான். இப்போது அங்கே ஒரு பண்ணையிலும் அதே வேலைதான். பண்ணை முதலாளியை ‘சேட்டு’ என்றுதான் சொல்வான். பம்பாய்ப் பழக்கம்... போகுமா?

“அத்தான், இதைப் பாருங்க” என்று போனைத் திருப்பினான். ஓடையோரம் புல் மூடிய சின்ன மேடு, குதிரை லாட வடிவில். ஓரம் சரிந்த இடத்தில் கரிமண்ணும் வெடித்த கற்களும்.

“டெப்ரிஸா மாப்ள? இடிச்ச கட்டடக் குப்பையா?”

“அடுப்படி அத்தான்! மூவாயிரம் வருஷத்துக்கு முந்தினது!”

என் தூக்கம் போயே போய்விட்டது.

பக்கத்துப் பண்ணைக்கார அம்மா சொன்னாராம். அந்தக் காலத்து ஆட்கள் குழி தோண்டி, பலகை பதித்து, தண்ணீர் நிரப்புவார்கள். கல்லை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிப் போட்டுக்கொண்டே இருந்தால் தண்ணீர் கொதிக்கும், இறைச்சி வேகும். வெடித்த கல்லை வெளியே எறிவார்கள். எறிந்து எறிந்தே இந்த மேடு!

“நாளைக்குக் காலையில இதை நிரவச் சொல்லியிருக்காரு சேட்டு. தண்ணி தேங்குதாம்.”

“முடியாதுன்னு சொல்லேன்.”

இசக்கி போனைத் தன் பக்கம் திருப்பினான். “போன மாசம் ரெண்டு மேட்டை நான்தான் அத்தான் நிரவினேன். அதுலயும் இதே வெடிச்ச கல்லு... இதே கரிமண்ணு. எனக்குத் தெரியாதுல்லா.”

கல்யாணில் எத்தனை மேடுகளைத் தள்ளியிருப்பான்! ஒன்றையாவது அவன் இப்படி நினைத்து வருந்தியதில்லை. யாரோ சமைத்துச் சாப்பிட்ட இடம் என்று தெரிந்துவிட்டால், ஜேசிபிக்காரனுக்கும் கை வராது போலிருக்கிறது.

என் மனைவி செல்வி — அவனுடைய அக்கா — போனைப் பிடுங்கினாள். “ஏல, வேலை போயிருமோன்னு பயமா?”

“ஆமாக்கா. பொறவு வீடு மாத்தணும், பிள்ளைய ஸ்கூல் மாத்தணும்...”

“போனா போவுது. மூணாவதையும் தள்ளிட்டு உன்னால நிம்மதியா சோறு திங்க முடியுமால?”

மறுநாள் காலை இசக்கி வண்டிச் சாவியைச் சேட்டிடம் நீட்டினான். தெரிந்த இங்கிலீஷில் காரணத்தையும் சொன்னான். சேட்டு முகம் சிவந்து கத்தினார். ‘போ’ என்று சொல்வதற்குள், சத்தம் கேட்டு வந்த பக்கத்துப் பண்ணை அம்மா தொல்லியல் துறைக்குப் போன் போட்டுவிட்டார். இரண்டு அதிகாரிகள் வந்து அளந்தார்கள். யாரும் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வேலை தப்பியது. சேட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வியாழக்கிழமை விருந்தாளிகளைக் கூட்டிவந்து, ‘எங்க பழைய கிச்சன்’ என்று பெருமையாகக் காட்டினாராம்!

நிரவிய இரண்டும் திரும்பி வராது. ஆனாலும் இசக்கியே அதிகாரிகளைக் கூட்டிப்போய் அந்த இடங்களைக் காட்டியிருக்கிறான் — யாரும் கேட்காமலே. இளம்புல் மட்டும்தான் இருந்ததாம்.

“சமைச்சவங்க கல்லை அள்ளாம போட்டுட்டுப் போனதாலதானே நமக்கு இவ்வளவும் தெரியுது?” என்று செல்வியிடம் சொல்லிவிட்டு, சாப்பிட்ட தட்டை மேஜையிலேயே விட்டு எழுந்தேன். எல்லாம் வரலாற்றுக்காக!

திரும்பிப் பார்த்தாள் பாருங்கள் ஒரு பார்வை... தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.