நானும் கிளம்பிட்டேன்

கிளம்புவது என்றால் முதலில் மேலே எழும்புவது. அகராதியும் அதைத்தான் சொல்கிறது. புழுதி கிளம்பும், புகை கிளம்பும், ஊரில் புரளி கிளம்பும். கிளர்ச்சிக்கும் இதற்கும் ஒரே வேர் என்று நினைக்கிறேன், அடித்துச் சொல்லமாட்டேன். உட்கார்ந்தவர் எழுந்தால்தான் பயணம் என்பதால் புறப்படுவதற்கும் இந்தச் சொல்லே வந்துவிட்டது போலும். பள்ளியில் தமிழ் நடத்துகிறவளுக்கு இப்படி வேர் பிடுங்குவது ஒரு வியாதி.

எங்கள் செஞ்சியில் இதற்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அது எந்த அகராதியிலும் ஏறவில்லை. போனில் ஒருவர் "கிளம்பிட்டேன்" என்றால் குளிக்கப் போகிறார் என்று அர்த்தம். "கிளம்பிட்டே இருக்கேன்" என்றால் இன்னும் பாயை விட்டே எழவில்லை. கேட்கிறவர் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்வார். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை.

என்னைப் பெற்ற நைனாதான் இதில் மன்னன். அவலூர்பேட்டையில் என் தம்பி வீட்டில் இருக்கிறார். "கிளம்பிட்டேம்மா" என்று அவர் சொன்ன பிறகு நான் சோறு வடித்து, குழம்பு வைத்து, துணியும் துவைத்துப் போட்டுவிட்டுப் பேருந்து நிலையம் போனாலும், எனக்குப் பின்னால்தான் வந்து இறங்குவார்.

போன சித்திரையில் அவருடைய வலது கண்ணை, மாதம் ஒருமுறை செஞ்சிக்கு வரும் டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. இடது கண் போய் ரொம்ப நாளாகிறது. மிச்சமிருந்ததும் மங்கிக்கொண்டே வந்தது. தள்ளிப்போட்டால் அதுவும் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்குள் டோக்கன் வாங்க வேண்டும். தம்பி பஸ் ஏற்றிவிடுவான், செஞ்சியில் நான் கைபிடித்து இறக்கிக் கூட்டிப்போவேன் என்று ஏற்பாடு.

காலையில் போன் வந்தது.

"கிளம்பிட்டேம்மா."

"நானும் கிளம்பிட்டேன் நைனா" என்றேன், கையில் தோசைக் கரண்டியோடு. பின்னணியில் ஹாரன் சத்தம் கேட்டது. தம்பி வீட்டு டிவி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அமாவாசை. பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விடும் என்று பயந்து முதலில் வந்த வண்டியிலேயே ஏறிவிட்டிருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரரை என் நம்பரைப் போட்டுத் தரச் சொல்லி, பஸ்ஸிலிருந்துதான் பேசியிருக்கிறார். நான் வழக்கம்போல ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டு, தோசை சுட்டு, பாத்திரமும் கழுவி வைத்துவிட்டு, அந்தக் கணக்குக்கும் மேலே தாமதமாகப் போனேன்.

மணி பத்தரை. கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில், நிழல் விலகிப்போன இடத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. டோக்கன் முடிந்திருக்கும். அந்த டாக்டர் இனி அடுத்த மாதம்தான் வருவார். எனக்கு என்மேலேயே ஆத்திரம். அதை அவர்மேல் கொட்டினேன்.

"நெழல்ல போயி ஒக்காரக் கூடாதா நைனா? யார்கிட்டனா சொல்லி எனக்கு ஒரு போன் போடக் கூடாதா?"

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீதான் கிளம்பிட்டேன்னு சொன்னியேம்மா. இதோ வந்துடுவ, எடம் மாறுனா தேடுவியேன்னு நவுரவே இல்ல."