நான்கு முட்டைகளும் நாங்கள் செய்த உபகாரமும்

பாம்புக்குப் பயந்து இந்த வேலையை விட்டவர் யாருமில்லை. பார்வையாளருக்குப் பயந்து விட்டவர்கள் நிறைய. கூட்டத்துக்கு எதையாவது விளக்கித் தொண்டை கட்டிப்போன டீச்சர்களே, கண்டக்டர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், கருமத்தம்பட்டி தாண்டி, வேலி போட்டுப் பாதுகாத்த ஒரு குளத்திலும் அதை ஒட்டிய முள்ளுக்காட்டிலும் ஞாயிற்றுக்கிழமை வழிகாட்டியாக இருந்தேன். சம்பளம் கிடையாது. கான்வென்ட்டில் படித்தவள், புத்தகம் பார்த்துப் பறவை பேர் சொல்வாள் என்று பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

களை எடுத்தவர்

சோமனூரிலிருந்து ஒரு தறிக்காரர் குடும்பத்தோடு வந்தார். தோட்டமும் உள்ளவர். எங்கள் குளத்தங்கரை ஈரத்தில் அழுகண்ணி என்று ஒரு செடி உண்டு. விரல் நீளம்தான். இலையெல்லாம் பசைத்துளி, கொசு வந்து ஒட்டினால் தின்றுவிடும். அந்த வருஷம் பன்னிரண்டே செடி முளைத்திருந்தது. அதன் பெருமையைக் கால்மணி நேரம் பேசிவிட்டு, “இதோ பாருங்க” என்று திரும்பினால் தரை மொட்டை. பன்னிரண்டும் அவர் கையில் கத்தையாக, வேரோடு! ஒன்றாவது மிஞ்சியதா என்று குனிந்து தேடினேன்.

அதற்குள் அவர் பாதையோரக் கற்களையும் பொறுக்கி எறிய ஆரம்பித்துவிட்டார். தலைக்கு மேல் ஓர் ஆள்காட்டிக் குருவி வீறிட்டுக்கொண்டு பாய்ந்தது. அப்போதுதான் பார்த்தேன். அவர் கை நீட்டிய இடத்தில், கூடும் இல்லாமல் குச்சியும் இல்லாமல், சரளை நிறத்தில் நான்கு முட்டைகள். கையைத் தட்டிவிட்டு, செடிக்கும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். மனுஷருக்குக் கோபமே வரவில்லை.

“தப்பா நெனைக்காதீங்க அம்மணி, களையும் கல்லும் கண்ணுல பட்டா இந்தக் கை சும்மா இருக்காதுங்க.”

கறுப்புக் குடை

அந்த நான்கும் பொரிவதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று எனக்கு ஒரு வைராக்கியம். பெற்ற பிள்ளைகளின் பரீட்சைக்குக்கூட அப்படிப் பதறியதில்லை. ஆள்காட்டி குளத்தில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடி வந்து முட்டைமேல் உட்காரும். அந்த ஈரம் இல்லாவிட்டால் நம் வெயிலில் முட்டை அவிந்துபோகும்.

அடுத்த ஞாயிறு கோட்டைமேட்டிலிருந்து பூட்டுக்கடை பாய் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். மிதித்துவிடாமல் இருக்கட்டும் என்று முட்டைகளைக் காட்டிவிட்டு, நாரை பார்க்க அழைத்துப் போனேன். அரைமணி கழித்துத் திரும்பினால் முட்டைகளுக்கு மேல் விரித்த கறுப்புக் குடை! தாய்ப்பறவை வயிற்று ஈரமெல்லாம் காய்ந்து, கிட்டே வரப் பயந்து, கத்திக்கொண்டே சுற்றுகிறது. குடையைப் பிடுங்கி மடக்கினேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அந்த அம்மாள் முக்காட்டு நுனியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“அதுகளுக்கு நெழல் இருக்கட்டும்னுதாம்மா இவ்வளவு நேரம் நான் வெயில்ல நடந்தேன்.”

சுண்ணாம்பு

இனி யாரையும் நம்பக்கூடாது, சுற்றிலும் கல் வைத்து அடையாளம் போட்டுவிட வேண்டியதுதான் என்று அன்று மாலையே தீர்மானித்தேன். மறுநாள் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார். விளக்கம் சொல்ல என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதிகாரி வந்தால் வழியோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பது நம் ஊர் வழக்கம்தானே. அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த வாச்சர் ராசப்பன் வாளியும் மட்டையுமாக நின்றிருந்தார். எனக்கோ வீட்டில் விருந்தாளி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

“ராசப்பண்ணா, அந்தக் குருவி கத்துற எடத்தைச் சுத்திக் கல்லு வெச்சு, பளிச்சுனு சுண்ணாம்பு அடிச்சிருங்க. ஒரு கல்லு விடக்கூடாது!”

“செரிங்க அம்மணி.”

முட்டை என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும் என்றும் யோசிக்கவில்லை.

காலையில் போனேன். பல்வரிசைபோல வட்டமாக வெள்ளைக் கற்கள். நடுவில், அதே வெள்ளையில், நான்கு முட்டைகள். ராசப்பனைக் கூப்பிட்டேன்.

“அது முட்டைங்க, ராசப்பண்ணா!”

அவர் முகம் அந்தச் சுண்ணாம்பைவிட வெளுத்துவிட்டது. “தொட்டப்ப சூடாத்தான் இருந்துச்சுங்க. வெயில்ல காஞ்ச கல்லுன்னு நெனைச்சுப்போட்டேன். ஒண்ணு விடக்கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க!”

கழுவினால் பிழைக்குமா, தொடாமல் விட்டால் பிழைக்குமா, என் புத்தகத்தில் இல்லை. அதற்குள் ஜீப் வந்துவிட்டது. அதிகாரி இறங்கியதும் கல் வட்டத்தைப் பார்த்துப் பாராட்டினார்: “பரவால்லையே, ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க.” நான் தலையாட்டினேன்.

ஜீப் போனதும் ஆள்காட்டி வந்தது. அந்த வெள்ளை முட்டைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. குளத்துக்கு ஓடி, வயிற்றை நனைத்து வந்து, உட்கார்ந்தது. மூன்று வாரம் அதேபோல் வந்து வந்து உட்கார்ந்தது. வயிற்று ஈரத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ராசப்பன் ஒருவரையும் அந்தப் பக்கம் விடவில்லை. அன்றாடம் எட்ட நின்று பார்த்துவைத்து, ஞாயிறானால் எனக்கு வந்து சொல்வார். கடைசி ஞாயிறு, கேட்டிலேயே காத்திருந்தார்.

“ரெண்டு பொரிஞ்சு ஓடிருச்சுங்க அம்மணி. மத்த ரெண்டு கல்லாவே கெடக்குதுங்க.”

களை பிடுங்கியவரையும் குடை விரித்தவரையும் அத்தனை பேச்சுப் பேசினேனே, அவர்கள் கைக்குத் தப்பிய நான்கில் இரண்டு என் வாய்க்குத் தப்பவில்லை.