கைப்பிடியில் வைத்த பொட்டு

எங்கள் அக்கா இல்லாமல் ஒரு முழு வருஷத்தைக் கடந்துவிட்டோம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அக்காவின் படத்தில் சந்தனமும் குங்குமமும் நெற்றிப் பக்கம் இல்லாமல், சட்டத்தின் கீழ் ஓரத்தில் இருக்கின்றன. அச்சகத்தில் ஏதோ தவறு என்று எனக்குப் போன் செய்யச் சிலர் இந்நேரம் நம்பரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். தவறு எதுவும் இல்லை. காரணத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வருவேன். நேராகப் பேச எனக்கு வராது என்று அக்காவே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

அக்கா பிறந்தது நகரிக்குப் பக்கத்தில், மாந்தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையுமாக இருக்கும் எங்கள் ஊரில். நைனாவுக்கு நாங்கள் இரண்டே பெண்கள். எங்களுக்கு நடுவே பெரிய இடைவெளி. அக்கா சித்தூரில் ஐ.டி.ஐ. சேர்ந்தபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். எலக்ட்ரீஷியன் பிரிவு. "பொம்பளப் புள்ள கம்பத்துல ஏறப் போவுதா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "எம்பொண்ணு ஏறினா கரெண்டு வரும், நீ ஏறினா கம்பம் சாயும், போவியா" என்று நைனா பதில் சொன்ன கதை ஊரில் இன்னும் ஓடுகிறது. அந்த வாய் அப்படியே அக்காவுக்கு வந்தது.

திருமணமாகித் திருப்பதி வந்தார். அலிபிரி போகும் சாலைக்குப் பின்னால் ஒரு தெருவில் மாமாவுக்குப் பழைய டூல்ஸ் கடை. வேலை முடித்த கான்ட்ராக்டர்களிடமும் மூடிய பட்டறைகளிலும் டிரில், கிரைண்டர், மரம் அறுக்கும் மெஷின் எல்லாம் வாங்கிவந்து, சரிசெய்து, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு விற்பார்கள். மாமா ஊர் ஊராகப் போய் வாங்கி வருவார். அக்கா கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து மோட்டாருக்கு உயிர் கொடுப்பார். இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷக்காய்ச்சல் மாமாவைக் கொண்டுபோனது.

கடையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. மாமாவின் அண்ணனை நான் பெரிய மாமா என்பேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி அக்கா 'பாவா' என்று கூப்பிடுவார். அவர் கெட்ட மனிதர் இல்லை, கவலைப்படும் மனிதர். பெயர் பெற்ற கம்பெனியின் பெயரை ஒட்டிக்கொண்டு போலி மெஷின்கள் மார்க்கெட்டில் நிறைந்து கிடந்த நேரம் அது. போலி கிரைண்டர் பாதி வேலையில் சூடேறிப் புகைவிடும். வாங்கியவன் கை போனால் விற்றவர் வாசலுக்குத்தான் ஊர் வரும். பெரிய மாமா சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு தரம் வாங்கப் போலாம். நானும் வரேன். ஒரு போலி உங்கைல மாட்டினாலும் கடை சாவி எங்கிட்ட வந்துடணும். பொறந்த வூட்டுக்குப் போய் நிம்மதியா இரு."

"சரி பாவா" என்றார் அக்கா. அன்றைக்கே சாவியை அவரிடம் கொடுத்துவிட்டார். "ஜெயிச்சா திருப்பிக் குடுங்க."

தசரா லீவில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். என்னை விட்டுவிட்டுப் போக முடியுமா? மூன்று பேரும் சித்தூர் போனோம். அங்கே ஒருவர் கிரில் கேட் செய்யும் பட்டறையை மூடிவிட்டுப் பெங்களூரில் மகனோடு இருக்கப் போகிறார், சாமான்களை மொத்தமாகத் தள்ளிவிடுகிறார் என்று தகவல். ஆயுத பூஜை முடிந்த சூடு ஆறவில்லை. தார்ப்பாயில் மெஷின்களை வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் அப்பி நடுவில் எட்டணா அளவுக்குக் குங்குமம். எல்லாம் பெயர்த் தகட்டின் மேலேயே.

அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். குலுக்கினார். ஒயரை விரலால் உருவினார். பிறகு நிமிர்ந்து, "கொஞ்சம் தண்ணியும் பழந்துணியும் குடுங்கண்ணா" என்றார்.

"எதுக்கும்மா?"

"தகட்டுல எழுத்தப் படிக்கணும். பொட்டு மறைக்கிது."

"பூஜ பண்ண பொட்டும்மா அது! யாராவது அழிப்பாங்களா?"

பெரிய மாமா குனிந்து, "வாணாம்மா. அதுவும் நீ..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டார். அவர் விட்டதைப் பட்டறைக்காரர் முடித்தார்: "பொட்டு போன கையால எங்க வூட்டுப் பொட்ட அழிக்காத தாயி. பாத்தது போதும், வாங்கினா வாங்கு, இல்லாட்டி கெளம்பு."

அக்கா எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "எம்மூஞ்சில இருந்த பொட்ட அழிச்சப்போ ஏன்னு ஒருத்தரும் கேக்கல அண்ணா. இரும்பு மெஷினுக்கு இத்தினி பேர் பரிஞ்சிகினு வரீங்க" என்றார்.

உள்ளேயிருந்து பட்டறைக்காரரின் மனைவி ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பழைய வேட்டித் துண்டும் கொண்டுவந்து அக்கா பக்கத்தில் வைத்தார். "துடுவம்மா. மள்ளி பெடதாம்" என்றார் தெலுங்கில். துடைத்துக்கொள், மறுபடி வைத்துவிடலாம் என்று அர்த்தம்.

அக்கா துடைக்கத் துடைக்க நான் சீரியல் நம்பரை உரக்கப் படித்தேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவது கிரைண்டரில் குங்குமத்தோடு சேர்ந்து எழுத்தின் மையும் துணிக்கு வந்தது. நான் நம்பரைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

"ஏய், படிச்சதையே படிக்காதடி. அடுத்தத படி."

"அடுத்ததத்தான்கா படிக்கிறேன்!"

அக்கா இரண்டு கிரைண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே நம்பர். பட்டறைக்காரரைப் பார்த்து, "இன்னா அண்ணா, ரெண்டு புள்ளைக்கும் ஒரே ஆதாரா?" என்றார். பெரிய மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

பட்டறைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் இறங்கிவிட்டது. "கடக்காரன் புது டப்பாலேந்து பிரிச்சிக் குடுத்தாம்மா... ஒரிஜினல்னுதானே வாங்கினேன்." அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை; அவரே ஏமாந்திருந்தார். வாங்கின நாளில் பொட்டு வைத்தார், வருஷா வருஷம் அதன் மேலேயே வைத்துக்கொண்டு வந்தார். அந்தத் தகட்டை அவர் ஒருதரம்கூடப் படித்ததில்லை.

அந்த இரண்டை ஒதுக்கிவிட்டு மற்றதை அக்கா எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது பட்டறைக்காரரின் மனைவி குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து அக்கா முன்னால் நீட்டினார். "நுவ்வே பெட்டம்மா." நீயே வை என்கிறார். மாமா போனதிலிருந்து அக்கா குங்குமத்தைத் தொட்டதில்லை. பெரிய மாமாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் எதிரே இருந்த தென்னை மரத்தில் எத்தனை காய் என்று பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா விரலால் எடுத்து, ஒவ்வொரு மெஷினுக்கும் கைப்பிடியில் பொட்டு வைத்தார். "இனிமே தகட்டுல வெக்காதீங்கக்கா. பேரு தெரியணும். புடிக்கிற எடத்துல வெச்சா சாமி கோச்சிக்காது."

பஸ் காணிப்பாக்கம் பிரிவைத் தாண்டியதும் பெரிய மாமா மடியிலிருந்து சாவியை எடுத்தார். "இந்தா புடி. குத்திகினே இக்குது."

அதற்கப்புறம் அக்கா கடையில் எந்த மெஷினை எடுத்தாலும் கைப்பிடியில் பொட்டு இருக்கும், பெயர்த் தகடு பளிச்சென்று இருக்கும். வாங்குகிறவர்களுக்கு அதுவே அடையாளமாகிப்போனது. பின்னே? பக்கத்துத் தெருக் கடைகளிலும் கைப்பிடியில் பொட்டு முளைக்க ஆரம்பித்தது! நான் கொதித்துப்போய் வந்து சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம பொட்டுக்கே டூப்ளிகேட்டா? அப்போ நாம பெரிய கம்பெனிதான்." மறுநாளே வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்: "பொட்டப் பாத்து வாங்காதீங்க. எங்கிட்டயே வாங்கினாலும் சோதிச்சு வாங்குங்க."

அந்தச் சோதனைகளை இங்கே எழுதாவிட்டால் அக்கா என்னை மன்னிக்க மாட்டார். நினைவு மலரில் இதெல்லாம் எதற்கு என்று பெரிய மாமா கேட்டார், இருந்தாலும் எழுதுகிறேன். முதலில் எடை: உள்ளே செம்பைக் குறைத்த மெஷின் கையில் லேசாகத் தெரியும், அதே மாடல் ஒரிஜினலை இன்னொரு கையில் வைத்துப் பாருங்கள். மெஷின் உடம்பின் இரண்டு பாதியும் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டினால் நகம் மாட்டக் கூடாது. ஸ்க்ரூ எல்லாம் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். ஆளுக்கொரு தலையாக இருந்தால் யாரோ திறந்து உள்ளே மாற்றியிருக்கிறார்கள், என்ன மாற்றினீர்கள் என்று கேளுங்கள். ஒயர் மேல் அச்சிட்ட எழுத்தைப் படியுங்கள், பிழையோ மங்கலோ இருக்கக் கூடாது. ஓடவிட்டு, காற்றுத் துளை வழியாகப் பாருங்கள். சின்னப் பொறி சகஜம், சுற்றி நெருப்பு வளையம் தெரிந்தால் வேண்டாம். கம்பெனிப் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். சீரியல் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்று விற்கிறவர் சொன்னால் அங்கேயே சோதனை முடிந்தது. ஏதாவது ஒன்று சரியாக இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள், எல்லாம் சேர்ந்து ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற தமிழ்நாட்டுப் பிள்ளைகள், காளஹஸ்தி ஆசாரிகள் என்று வேறு இடத்தில் வாங்கப் போகிறவர்கள்கூட மெஷினைக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டிவிட்டுப் போவார்கள். "வாங்கறதுக்கு மின்னாடி வாங்க. வாங்கினப்புறம் வந்தா போஸ்ட்மார்ட்டம்தான் பண்ண முடியும்" என்பார். பார்த்துச் சொன்னதற்குக் காசு எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. என்னைப் பாலிடெக்னிக் படிக்க வைத்ததும் அந்தக் கடைதான். இன்று ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் பாகங்களைச் சோதித்துத் தள்ளுவதும் ஏற்பதும் என் வேலை. வேறென்ன வேலைக்குப் போவேன்?

போன வருஷம் அக்கா உடம்பில் நோய் கண்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வராந்தாவில் யாரோ சுவரைத் துளைத்தார்கள். கண்ணை மூடியிருந்த அக்கா, "அந்தத் தம்பிய வரச் சொல்லுடி. டிரில் கத்தறது சரியில்ல, கைய சுட்டுக்கப் போறான்" என்றார். அந்தத் தம்பி வந்து நின்றார். அக்கா மெஷினை வாங்கித் தகட்டைப் பார்த்தார். "ஒரிஜினல்தான். உள்ள கார்பன் தேஞ்சிருக்கு, அத மாத்து, போதும்." அவர் கடைசியாகச் சொன்ன நல்ல செய்தி அது. வீட்டுக்கு அழைத்து வந்தோம். தூக்கத்திலேயே அமைதியாகப் போனார்.

மருத்துவர்களுக்கும், மாறி மாறி உடனிருந்த செவிலியர்களுக்கும், ஷட்டரை இறக்கிவிட்டு வந்து நின்ற தெருக் கடைக்காரர்களுக்கும், நகரியிலிருந்து வண்டி பிடித்து வந்த உறவுகளுக்கும் எங்கள் வணக்கம். பெங்களூரிலிருந்து வந்து, யாரென்று சொல்லாமல் அழுதுவிட்டுப் போன சித்தூர்ப் பட்டறைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் தனியாக ஒரு வணக்கம். கடை ஞாயிறுதோறும் திறந்திருக்கும். நான் இருப்பேன்.

கடைசி நன்றி பெரிய மாமாவுக்கு. படத்தை மாட்டிய அன்று, இவளுக்குச் சந்தனம் மட்டும் போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் குங்குமத்தை எடுத்து ஒதுக்கினார்கள். பெரிய மாமா எழுந்து போய் அதை எடுத்துவந்தார். நெற்றியில் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். விரல் கண்ணாடிக்குக் கிட்டே போய் நின்றது.

"மூஞ்சி தெரியணும்" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. படத்தைத் தூக்கும்போது கை பிடிக்கிற கீழ்ச் சட்டத்தில் சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமத்தை வைத்தார்.

இந்த மலரைப் பிடித்திருக்கும் உங்கள் கட்டைவிரலும் அங்கேதான் இருக்கும்.

— தங்கை