இருபத்தாறு அடியில் ஒரு குடித்தனம்

போன வெள்ளிக்கிழமை ஷார்ஜா கடலில் மூழ்கியிருப்பேன். இந்த வாரம் இந்தப் பக்கம் காலியாக வந்திருக்கும். உங்களில் சிலர் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், தெரியும்.

எல்லாம் முரளியால் வந்தது. கரூர்க்காரன், இங்கே எனக்குத் தம்பி மாதிரி. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு அலுமினியக் கம்பெனியில் எஸ்டிமேட்டர். கல்யாணத்துக்கு அப்புறம்தான் கடலையே பார்த்தவன். அவன் ஒரு பாய்மரப் படகு வாங்கிவிட்டான். ஊருக்குத் திரும்புகிற ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து, செகண்ட் ஹேண்டில்.

அதுகூடப் பரவாயில்லை. "ஃப்ளாட்டைக் காலி பண்ணிட்டு போட்டுலயே குடி போயிடலாம்னு இருக்கேங்ணா" என்றான். என் சட்டையில் டீ கொட்டியது.

வாடகை ஏறுகிற வேகம் அப்படி. வாடகை ஒப்பந்தம் முடிகிற மாதம் வந்தால் நானும்தான் வீட்டுக்காரர் போனை எடுப்பதில்லை. அதற்காகத் தண்ணீரில் குடித்தனமா? அவன் மனைவி ஜெயந்தி பேசிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கடைசியில் ஒரு உடன்பாடு. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாள். பிடித்தால் குடி போவது. பிடிக்காவிட்டால் படகை விற்றுவிடுவது. சாட்சிக்கு நான்.

படகுக்குள் இறங்கினேன். நிமிர்ந்தேன். மண்டையில் இடித்தது.

மொத்தமே இருபத்தாறு அடி. சாப்பாட்டு மேஜையை இறக்கி மெத்தையைப் போட்டால் அது கட்டில். சீட்டைத் தூக்கினால் அடியில் குடிதண்ணீர் டேங்க். படிக்கட்டைக் கழற்றினால் பின்னால் இன்ஜின்! முன்பக்கம் முக்கோணமாக இன்னொரு படுக்கை. தலை இரண்டும் தள்ளித் தள்ளி, கால் நாலும் ஒரே மூலையில்... சண்டை போட்ட தம்பதிக்கு வசதி.

அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கியது. "போட்டு சாஞ்சாலும் இது சாயாதுங்ணா. பால் கொட்டாது" என்றான் முரளி. ஜெயந்தி ஒற்றை விரலால் அதை ஆட்டிப் பார்த்தாள்.

அலமாரி என்று நினைத்து ஒரு கதவைத் திறந்தேன். டாய்லெட். பக்கத்தில் ஒரு கைப்பம்பு, ஒரு சின்ன லிவர். லிவரைத் திறந்து அடித்தால் கடல் தண்ணீர் உள்ளே வரும். மூடி அடித்தால் எல்லாம் வெளியே போகும். "முடிச்சதும் லிவரை மூடிடணும். மறக்கவே கூடாது" என்று பாடம் நடத்தினான்.

"கழுவறதுக்கு?" — ஜெயந்தி.

"பேப்பர்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். படகு விற்ற மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

க்ரீக் என்கிற உப்பங்கழியைத் தாண்டிக் கடலுக்கு வந்ததும் இன்ஜினை அணைத்துப் பாயை ஏற்றினான். படகு அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்குத் தெரிந்த எல்லா சாமிகளையும் கூப்பிட்டேன். "அடியில டன் கணக்குல இரும்பு இருக்குதுங்ணா. சாயும், கவுந்துடாது." சொல்லிவிட்டு, சுக்கான் கட்டையை ஜெயந்தியின் கையில் கொடுத்தான். "நேரா புடிச்சுக்கோ, இதோ வந்துட்டேன்" என்று கீழே போய்விட்டு வந்தான்.

வந்தவன் கட்டையைத் திருப்பிக் கேட்டான். அவள் கொடுக்கவில்லை. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பசித்தது. ஜெயந்தி கட்டி வந்த லெமன் சாதத்தை எடுக்கக் கீழே இறங்கினேன். கால் சில்லிட்டது. கணுக்கால் வரை தண்ணீர். முரளியின் செருப்பு மிதந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

எட்டிப் பார்த்த முரளியின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஓட்டைங்ணா..." என்றவன் லைஃப் ஜாக்கெட்டைத் தலைகீழாக மாட்டத் தொடங்கினான். நானா? வாராவாரம் உங்களுக்கு அறிவுரை சொல்கிறவன், நின்ற இடத்திலேயே நின்றேன்.

மேலிருந்து ஜெயந்தியின் குரல் வந்தது. "அண்ணா, உப்பா நல்ல தண்ணியா, நாக்குல வெச்சுப் பாருங்க."

நல்ல தண்ணீர் என்றால் டேங்க் உடைந்திருக்கிறது. பிழைத்தோம். வைத்துப் பார்த்தேன்.

"உப்பும்மா" என்றேன்.

"அப்ப எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாருங்க."

டாய்லெட் கதவைத் திறந்தேன். கிண்ணம் விளிம்பு வரை நிறைந்து நிதானமாக வழிந்துகொண்டிருந்தது. படகு அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது, கிண்ணம் கடல் மட்டத்துக்குக் கீழே. லிவர் திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மக் மிதந்தது!

"பேப்பர் சரிப்படலைங்ணா" என்றான் முரளி, பரிதாபமாக. "லிவரைத் திறந்தா தண்ணி தானா ஏறி வந்துச்சு. மக்குல மொண்டுக்கிட்டேன். மூட மறந்துட்டேன்." வீட்டிலிருந்து மக்கை ஒளித்து எடுத்து வந்திருக்கிறான், பேப்பரின் பெருமையைப் பேசியவன்.

லிவரை மூடினோம். லெமன் சாதம் பாலிதீன் பைக்கு மாறியது, அந்தப் பாத்திரத்தால் தண்ணீரை மொண்டு மொண்டு கடலில் ஊற்றினோம். எல்லாம் முடிந்து மேலே வந்து உட்கார்ந்தபோது முரளி தலையைத் தொங்கப்போட்டுச் சொன்னான்: "வித்துடறேன் ஜெயந்தி."

"எதுக்கு விக்கோணும்?"

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். அவள் கட்டையை விடவில்லை. பார்வை பாயின் மேலேயே இருந்தது.

"ஆறு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். நம்ம ஜன்னலைத் திறந்தா எதிர் பில்டிங் ஏசியோட சூடுதான் வருது. நீங்க காலையில போனா ராத்திரி வர்றீங்க. இன்னிக்குத்தாங்க மேல காத்து படுது."

தண்ணீரைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படித் தூக்கிப்போடவில்லை. அந்த ஃப்ளாட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறேன்... அந்த ஜன்னலை ஒரு நாளும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. முரளி எழுந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நேற்று போன் செய்தான். "வர்ற வெள்ளிக்கிழமையும் போகோணுமாம். அவதான் ஓட்டுவாளாம்."

"அப்போ ஃப்ளாட்டைக் காலி பண்றீங்களா?"

"அதை மட்டும் விடமாட்டாளாம்ங்ணா. பாத்ரூம் அங்கதானே இருக்குதுங்கறா."