சிவப்புத் துணி கட்டிய மரவள்ளி

உபகாரமேரிக்கு யாரையும் பிடிக்காது என்று வடக்கனந்தல் பக்கம் சொல்வார்கள். பிடிக்காமல் இல்லை. யார் மேலும் அவளுக்கு மதிப்பு கிடையாது, அவ்வளவுதான். நிலத்துக்காரர் வந்து நின்றாலும் சரி, பூசை வைக்கிற ஃபாதரே வந்து நின்றாலும் சரி, உதட்டை ஒரு பக்கமாகச் சுழித்து ஒரு பார்வை பார்ப்பாள். வந்தவன் தன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வான். அந்தப் பார்வையை ரொம்ப வாங்கினவன் அவள் புருஷன் அந்தோணிதாஸ்.

வாங்கட்டுமே. சும்மா வாங்கவில்லை, தேடிப் போய் வாங்கினான். கரும்பு வெட்டுகிற கும்பலுக்கு மேஸ்திரி ஆகிறேன் என்று கிளம்பினான், கும்பல் ஒரு வாரத்தில் வேறு மேஸ்திரியிடம் ஓடிப்போனது. ஆடு வளர்த்தான். ஆடெல்லாம் பக்கத்து ஊர்க்காரன் கம்பைத் தின்றதுதான் மிச்சம். ஒருநாள் டீக்கடையிலிருந்து முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"மேரி, ராமநாதபுரம் பக்கம் கடல்லயே விவசாயம் பண்றாங்களாம். ஆள் கேக்கறாங்க. அங்க தண்ணி கட்டற வேலையே கெடையாதாம்!"

கடலுக்கு எவன்டா தண்ணி கட்டுவான் என்று அவள் கேட்கவில்லை. மகள் மெர்லினைக் கரியாலூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் வேறு வேலையும் இல்லை. மூட்டையைக் கட்டினாள்.

அங்கே பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கடற்பாசித் துண்டுகளைக் கயிற்றில் கட்ட வேண்டும். கயிற்றை மூங்கில் மிதவையில் கட்டிக் கடலில் விட்டால் பாசி புஷ்டியாக வளரும். வளர்ந்ததை அறுத்து, அதிலேயே ஒரு துண்டை ஒடித்து மறுபடியும் கட்ட வேண்டும். நம்மூரில் மரவள்ளிக் குச்சியை வெட்டி வெட்டி நடுகிற அதே வேலைதான் என்று மேரிக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. அந்தோணிதாஸுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கடலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான்.

மேரி வாழ்நாளில் மதித்த ஒரே ஆளை அங்கேதான் பார்த்தாள். தேவதர்ஷினி என்று ஒரு பெண். பாசிக்கு வரும் நோயை ஆராய்ச்சி பண்ண வந்தவள். மற்ற படித்தவர்கள் கரையில் நின்று போட்டோ எடுப்பார்கள், இவள் தண்ணீரில் இறங்கிக் கூடவே கட்டினாள்.

"பாசி சும்மா கெடக்குதுன்னு நெனைக்காதீங்கக்கா," என்பாள் அவள். "கிருமி கடிச்சா அந்த எடத்துல காரமா ஒரு நீரைக் கக்கித் தொரத்தப் பாக்கும். அது பக்கத்துல இருக்கற பாசிக்கும் போய்ச் சேருது. அது உடனே உஷாராயிடும். வாயில்லாட்டியும் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்குது. நாமதான் நெருக்கி நெருக்கிக் கட்டி, ஒரே செடியை வருஷக்கணக்கா ஒடிச்சு ஒடிச்சு, அதோட தெம்பைக் கெடுத்துடறோம். அப்புறம் தண்ணி சூடானா வெள்ளை விழுந்து உதிர்ந்துடுது."

வெள்ளை விழுந்த பாசி இருக்கிற கயிற்றில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி கட்டினதை அன்றைக்கே அறுத்துக் கரைக்குக் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். இதுதான் அவள் போட்ட சட்டம். எல்லா மிதவைக்காரர்களும் கேட்டார்கள். அந்தோணிதாஸ் கேட்பானா? "பாதி நல்லாத்தானே இருக்குது, அறுத்தா எடை போயிடும்" என்று மேரி கட்டின துணிகளையெல்லாம் அவிழ்த்துக் கடலில் விட்டுவிட்டான். அடுத்த வாரம் அவர்கள் மிதவை முழுக்க வெளுத்துப்போனது. அதற்கடுத்த வாரம் பக்கத்து மிதவைகளும் போயின. கரையில் இருந்த பெண்கள் மேரியின் மூஞ்சிக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினார்கள். பஸ் ஏறி உளுந்தூர்பேட்டை வரும்வரை அவள் புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த பிறகும் சோறு, குழம்பு, உப்பு தவிர வேறு பேச்சு கம்மிதான்.

மனுஷன் திருந்தினானா? தியாகதுருகத்தில் ஒரு மருந்துக் கடைக்காரன், செடிக்குத் தெளிக்கிற பாசித் தண்ணீரைக் கேனில் அடைத்து விற்கிறவன், இவன் கடலில் இருந்து வந்த கதையைக் கேட்டுவிட்டு ஏஜெண்டாக வைத்துக்கொண்டான். அவ்வளவுதான், பேண்ட் போட்டாயிற்று, சட்டையை உள்ளே விட்டாயிற்று. ஒரு மிதவைப் பாசியைக் காப்பாற்றத் துப்பில்லாதவன் ஊர் ஊராகப் போய்ப் பாசி டாக்டர் ஆகிவிட்டான். மரவள்ளித் தேமலா, தெளி. நெல்லில் குலைநோயா, தெளி. மாடு பால் கம்மியாகக் கறக்கிறதா, அதற்கும் தெளிக்கச் சொல்லியிருப்பான், கேட்கத்தான் ஆளில்லை.

அவர்கள் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு எடுத்திருந்த செல்லமுத்துக் கவுண்டர் நிலத்திலேயே மரவள்ளி முழுக்கத் தேமல். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகச் சுருண்டு, கிழங்கு விரல் தண்டிதான் இறங்குகிறது. கவுண்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வர்ற நடவும் இப்படியே இருந்தா வேற ஆள பாத்துக்குவேன்." நிலம் போனால் கூலி வேலைதான். மேரிக்கு ஊரான் வரப்பில் குனிந்து நிற்பது ஆகவே ஆகாது. அதுவும் தான் மதிக்காத ஆட்களின் வரப்பில்!

"யோவ்," என்றாள் ஒருநாள், அவன் கேனைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தபோது. "இந்தத் தண்ணி செடியை உஷார் பண்ணும். அவ்ளோதான். குச்சியிலயே நோவோட பொறந்ததுக்கு இது இன்னா பண்ணும்?"

"நீ பாசி கட்டினவ. நான் பாசி விக்கறவன். யாருக்கு ஜாஸ்தி தெரியும்?" என்றான்.

அன்றோடு அவனிடம் விவசாயம் பேசுவதை அவள் விட்டுவிட்டாள்.

அந்த ஊரில் நடவுக் குச்சியை விலைக்கு வாங்குகிற வழக்கமே இல்லை. கிழங்கு பிடுங்கினதும் குச்சிகளைக் கட்டுக்கட்டாக மர நிழலில் நிறுத்தி வைப்பார்கள். சொந்தக்காரன் கேட்டால் கொடுப்பார்கள், தங்களுக்குத் தேவையென்றால் அவனிடம் கேட்டு வாங்குவார்கள். அதற்குள் இலை கொட்டிவிடும். மொட்டைக் குச்சியில் எது நோவு, எது நல்லது என்று சாமிக்குத்தான் தெரியும். பருமனாக இருப்பதைப் பார்த்து எடுத்து, நோயை உறவு முறையோடு பங்கு போட்டுக்கொள்வார்கள். முட்டாள் ஜனங்கள் என்று மேரி திட்டிக்கொண்டே, இலை இருக்கும்போதே வரிசை வரிசையாக நடந்தாள். திட்டு விழாமல் தளதளவென்று நிற்கிற செடி வரிசைக்கு ஒன்றோ இரண்டோதான் இருந்தது. தன் பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்து அவற்றில் கட்டினாள். கடலில் நோவு கம்மி, அதனால் நோவுக்குக் கட்டினார்கள். இங்கே நல்லது கம்மி, அதனால் நல்லதுக்குக் கட்டினாள். அந்தச் செடிகளின் குச்சியைத் தனியாக எடுத்து நட்டால் நிலம் தப்பும்.

பக்கத்து நிலத்துக் கண்ணாயிரம் வரப்பில் நின்று, "இன்னா மேரிக்கா, வேளாங்கண்ணிக்கு வேண்டுதலா? இல்ல திருஷ்டிக்கா?" என்று கேட்டான்.

"உன் மண்டைக்குள்ள எதாச்சும் வெளையட்டும்னு வேண்டிக்கினு கட்டறன், போ," என்றாள். அவனுக்கு விளக்கம் வேறு சொல்ல வேண்டுமா?

புருஷனிடமும் சொல்லவில்லை. அந்த ஆளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

பொங்கல் முடிந்து கிழங்கு பிடுங்க நாள் குறித்திருந்த சமயத்தில் மெர்லினுக்குப் பிரசவம் ஆனது. மேரி கரியாலூர் போய்ப் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி, மருமகன் வீட்டு ஆட்களையும் நாலு பார்வை பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே நிலத்துக்குத்தான் போனாள்.

வரப்போரம் ஒரு சாம்பல் மேடு. பக்கத்தில் அந்தோணிதாஸ். பேண்ட் இல்லை, கோவணம் மாதிரி லுங்கியை ஏற்றிக் கட்டியிருந்தான். முகமெல்லாம் கரி. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துக் கிடந்தன.

"மேரி! வந்துட்டியா," என்றான். "தியாகதுருகத்துல கேனைத் திருப்பிக் குடுத்துட்டன். ஜனங்க கண்டபடி ஏசறாங்க. நீ சொன்னதுதான் சரி. பாரு, நீ சிவப்பு கட்டினது ஒண்ணு விடல. வேரோட புடுங்கி, கெரசின் ஊத்தி எரிச்சிட்டன். அன்னிக்குக் கடல்ல உன் பேச்சைக் கேக்கல. இன்னிக்குக் கேட்டுட்டன்ல?"

மேரி நிலத்தைப் பார்த்தாள். நின்றுகொண்டிருந்த செடிகளின் நுனியில் மிச்சமிருந்த இலைகளில் எல்லாம் மஞ்சள் திட்டு. சிவப்பு ஒன்றுகூட இல்லை. வாய்க்குள் வைத்திருந்த வசவெல்லாம் திரண்டு வந்தது. வாயைத் திறந்தாள்.

"அதுதான்யா நல்லது," என்று மட்டும்தான் வந்தது. "நட வெச்சிருந்தது. அதுக்குத்தான் கட்டினன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சாம்பலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் அழுவான் என்று பார்த்தாள், அழவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. உதடு ஒரு பக்கமாகச் சுழிந்திருந்தது.

"வாயில்லாத பாசியே பக்கத்துல இருக்கறதுக்குச் சொல்லுதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே, மேரி," என்றான். "நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

மேரிக்கு அவமானமாக இருந்தது. கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். குந்தி உட்கார்ந்து சாம்பலைக் கையால் விலக்க ஆரம்பித்தாள்.

"அடியில வேகாத குச்சி எதனா இருக்கும்," என்றாள். "நகத்தால கீறிப் பாரு. பால் வந்தா உசுரு இருக்குதுன்னு அர்த்தம். வந்தா தனியா எடுத்து வை. தண்டு கறுத்திருந்தா வேணாம். தெரியுதா?"

"தெரியுது."

அந்தோணிதாஸ் ஒரு குச்சியை எடுத்துக் கீறினான். பால் வரவில்லை. அதை ஓரமாகப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்து, அவளிடம் காட்டிவிட்டுக் கீறினான்.