மீன் பலகையில் நறுக்கிய அவரைக்காய்

என் மாமியார் எங்கள் வீட்டில் சாப்பிட்டதே இல்லை. எங்களுடையது காதல் கல்யாணம். நாங்கள் மீன் இல்லாமல் சோறு இறங்காத கடலூர்க் கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் சிதம்பரத்தில் சுத்த சைவம். வருவார், காபி குடிப்பார், "பசிக்கல" என்பார், பஸ் ஏறிவிடுவார். வீட்டில் சமைப்பது நான். அதனால் அந்தப் "பசிக்கல" என் மனைவியைவிட என்னைத்தான் அதிகம் சுட்டது.

இந்தப் புரட்டாசியில், திருவந்திபுரம் பெருமாளைச் சேவித்துவிட்டு சனிக்கிழமை மத்தியானம் வருவதாக போன் செய்தார். இந்தத் தடவை சாப்பிட வைக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். சைவத்துக்குத் தனிப் பாத்திரங்கள் இருந்தன. கட்டிங் போர்டு மட்டும் பொது. நல்ல தேக்குப் பலகை. வஞ்சிரமும் அதன்மேல்தான் துண்டாகும். எடுத்து முகர்ந்தேன். துறைமுகமே நாறியது.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாங்க" என்றாள் மனைவி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பலகையைச் சுத்தம் செய்யத் தெரியாதவன் என்ன சமையல்காரன்?

கல்லுப்பைக் கொட்டி, எலுமிச்சை மூடியால் அழுத்தித் தேய்த்தேன். கழுவி, உடனே துடைத்து, நிழலில் நிமிர்த்தி வைத்தேன். வெயில் பட்டால் மரம் வெடிக்கும், தண்ணீரில் ஊறினால் வளையும். சாயங்காலம் முகர்ந்தேன், வாடை அப்படியே இருந்தது. மறுபடி உப்பு, மறுபடி எலுமிச்சை. கைவிரல் எரிந்ததுதான் மிச்சம்.

எண்ணெய் பாட்டிலைத் திறந்து முகர்ந்தபோதுதான் உறைத்தது, அதிலும் அதே வாடை. மீன் வாடை எப்போதோ போய்விட்டது. மரம் காயக்கூடாது என்று நான் பக்தியோடு தடவி வந்த கடலை எண்ணெய்தான் உள்ளே இறங்கிச் சிக்குப் பிடித்து நாறியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆப்ப சோடாவும் வெந்நீருமாகத் தேய்த்துக் காயவிட்டு, உப்புத்தாளால் மேல்பரப்பை உரசி எடுத்தேன். அடியிலிருந்து மரம் புதிதாக எட்டிப் பார்த்தது. எண்ணெயைத் தொடவில்லை. முகர்ந்தால் வெறும் மர வாசனை. ஜெயித்துவிட்டேன் என்று தனியாக நின்று விசிலடித்தேன்.

சனிக்கிழமை மாமியார் வந்தபோது அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

"மீனும் இதுலதான் வெட்டுவீங்களா?"

அவருக்குப் பின்னால் நின்று மனைவி கண்ணைக் காட்டினாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் போடும் சோறு எனக்கு வேண்டாம்.

"ஆமா அத்தை. நல்லா தேச்சு வச்சிருக்கேன், மோந்து பாருங்க. புடிக்கலன்னா வேற எதுலனா நறுக்கித் தரேன்."

பலகையை வாங்கினார். சாதாரண மூக்கல்ல அது. பால் திரிவதைக் கூடத்திலிருந்தே சொல்லிவிடும். நடுவில் முகர்ந்தார். திருப்பினார். ஓரங்களில் முகர்ந்தார்.

"கத்தியக் குடுங்க. அவரக்காய இவ்ளோ பெருசாவா நறுக்குவாங்க?"

மிச்சத்தை அவரே நறுக்கினார், பொடிப்பொடியாக. நான் தாளித்து இறக்கி, இலை போட்டேன். உட்கார்ந்தார். சாப்பிடத் தொடங்கினார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. ரசத்துக்கு வந்தபோது, இலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"பொரியல் இன்னும் கொஞ்சம் வைங்க."

சட்டியில் இருந்த அத்தனையையும் அவர் இலையில் கொட்டினேன்.